பளபளப்பு கூடாத வேலை

ஜீப்பின் பம்பர், மட்கார்டு, கேரியர் இவற்றுக்குக் கேமோ என்னும் உருமறைப்பு வண்ணம் அடிக்க நினைக்கிறவர்கள் முதலில் டிசைனைத்தான் தேடுகிறார்கள். ஓக் இலை, காய்ந்த சுள்ளி, மரப்பட்டை என்று தத்ரூபமான படங்கள் வந்துவிட்டன. எனக்கு அந்த வேலையில் கடைசிப் பூச்சுதான் உயிர். இலையை எவ்வளவு நேர்த்தியாகப் பதித்தாலும், மேலே மின்னும் கிளியர் கோட்டை அடித்துவிட்டால் வெயில் பட்டதும் பளீரென்று காட்டிக்கொடுத்துவிடும். தூரத்துக் கண்ணுக்கு முதலில் அகப்படுவது மினுக்கம். அடுத்தது விளிம்பு. நிறம் அப்புறம்தான்.

இந்த இலைப் படங்கள் அமெரிக்க வேட்டைக்காரர்களின் உடுப்புக்காகப் பிறந்தவை. அவற்றை விற்கும் ரியல்ட்ரீ, மாஸி ஓக் நிறுவனங்கள் இரண்டுமே 1986இல் தொடங்கப்பட்டவை. மரத்தோடு மரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தப் படங்கள் பொருந்தும். அகன்ற தகட்டில் அதையே ஏற்றினால், கொஞ்சம் தள்ளி நின்றதுமே இலையெல்லாம் குழம்பி ஒரே கரும்பழுப்பாகிவிடும்; வண்டி வண்டியாகவே தெரியும். ஹ்யூ காட் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1940இல் வந்த தம் பெருநூலில் விலங்குகளை வைத்து இதை விளக்கியிருக்கிறார்: உடலின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகும் அழுத்தமான திட்டுகளே உருவத்தைக் கலைக்கின்றன. பெயிண்டருக்கு இது நேரடிப் பாடம். கறுத்த திட்டு மட்கார்டின் நடுவில் அடங்கி நிற்கக் கூடாது. ஓரத்தைத் தாண்டி பம்பர்மேல் ஏறிப் போக வேண்டும்.

தொட்டியில் முக்கியெடுக்கும் முறை இங்கேதான் தடுமாறுகிறது. ஆனாலும் அதைப் பார்ப்பது எனக்கு அலுத்ததே இல்லை. நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் டிசைன் அச்சாகியிருக்கும். ஏறத்தாழ 30 டிகிரியில் வைத்த நீர்மேல், காற்றுக்குமிழி சிக்காமல் அதை விரிக்கிறார்கள். அது ஊறி இளகியதும் ஆக்டிவேட்டர் என்னும் கரைப்பானைத் தெளிக்க, மை இளகிப் பால்மேல் ஆடைபோல மிதக்கும். பாகத்தைச் சாய்வாகப் பிடித்து, நிதானமாக, இடையில் நிறுத்தாமல் உள்ளே இறக்கினால் நீரின் அழுத்தமே மையை வளைவிலும் இடுக்கிலும் ஒட்டவைக்கிறது. ஆழமான குழிகளில் மட்டும் டிசைன் இழுபட்டுப்போகும். பிறகு வழவழப்புப் போகக் கழுவி, உலர்த்தி, கிளியர் கோட். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக முங்குவதால், பூட்டியபின் இணைப்புகளில் இலைகள் வெட்டுப்பட்டு நிற்கின்றன. மறைக்க வேண்டிய விளிம்பை அந்த வெட்டே காட்டித் தருகிறது.

அதனால் நான் கைவேலையின் பக்கம். இரும்பு என்றால் துரு போக்கி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிக்கலாம். எல்லாத் தரையிலும் ஓடும் ஏடிவி வண்டிகளின் மட்கார்டுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை. அவற்றில் பெயிண்ட் பிடிக்காது. சில நாளில் தோலாக உரியும். கொஞ்சம் நீர் தெளித்துப் பார்த்தாலே போதும், முத்துமுத்தாகத் திரளும். தீச்சுடரை மேலே சட்டென்று ஓட்டியெடுத்தால் மேற்பரப்பு மாறி நீர் படரத் தொடங்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் அதை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பிரைமர் அடிப்பதே நல்லது, ஒரு நொடி தாமதித்தாலும் மட்கார்டு கோணிவிடும்.

நிறத்தை நிலம் சொல்ல வேண்டும். பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை 1968இல் பாலைவனத்துக்காக வாங்கிய 72 லேண்ட் ரோவர்களுக்கு இளஞ்சிவப்பு அடிக்கப்பட்டது. விடியலிலும் அந்தியிலும் மணல்வெளியோடு கலந்துபோகும் நிறம். நம் நாட்டில் ஆலிவ் பச்சையைத் தொடவே கூடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. இதில் இழப்பு ஒன்றுமில்லை. நம் முள்காடுகளில் ஆண்டின் பெரும்பகுதி செம்மண்ணும் காய்ந்த புல்லும் சாம்பல் பூத்த தண்டுகளும்தானே. வெளிறிய மண் நிறத்தை முதலில் அடித்து, அந்த இடத்துப் புல்லையே மேலே பரப்பி, அடுத்த நிறத்தை லேசாகத் தெளித்தால் புல்லின் தடம் பதிந்துவிடும். அதன்மேல் பெரிய திட்டுகளை வீச வேண்டும்.

முடிவில் மேட் கிளியர். மெழுகும் பாலிஷும் பக்கத்தில் வரக் கூடாது. துணியால் அழுத்தித் தேய்த்தாலே அந்த இடம் மினுங்கத் தொடங்கும். முள் கீறினால், முக்கியெடுத்த பாகத்தைச் சுரண்டி மறுபடி தொட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். கையால் அடித்ததற்கு அதே மேட் நிறத்தில் இரண்டு வீச்சு போதும், சரிசெய்த இடமும் இன்னொரு திட்டாகச் சேர்ந்துகொள்ளும்.