கோணிய சுண்டுவிரல்

அத்தையின் வலது கைச் சுண்டுவிரல் நேராக இருக்காது. நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். மாவு கரைக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்கும். பிறவியிலேயே அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஏதோ பேச்சுவாக்கில், "பிளாக் போடுறப்ப பந்து பட்டு முறிஞ்சது. எண்ணெயத் தேச்சு விட்டாங்க, கோணிக்கிருச்சு" என்றார்.

"எந்தப் பந்து அத்தை?"

"வாலிபால்தான்டா. வேற எந்தப் பந்து?"

அத்தை வாலிபால் ஆடியவர் என்பது எனக்கு 19 வயதில்தான் தெரியும். அதுவரை வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் வீடு பழங்காநத்தத்தில். மாட்டுத்தாவணி வருவதற்கு முன்னால் திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்கள் வந்து நின்ற அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். தாத்தா ஹார்வி மில்லில் வேலை பார்த்தார். அத்தை பள்ளிக்கூட டீமில் லிஃப்டர், பிறகு மாவட்ட டீம். எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு நாள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குத் தேர்வு என்று திருச்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "அண்ணன் கூட வந்தா போ" என்றார் தாத்தா. அண்ணன் என்றால் என் அப்பா. அவருக்கு அப்போது 24 வயது. லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அடுத்த தையில் அத்தைக்குக் கல்யாணம்.

இதையெல்லாம் அத்தை ஒரே நாளில் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களாகத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தேன். சேர்த்து வைத்தபின் 'பாவம் அத்தை' என்று ஒரு பெயரும் போட்டுவிட்டேன்.

வேலை விஷயமாக வீட்டிலிருந்தே லேப்டாப்பில் உட்கார்ந்திருந்த ஒரு வாரத்தில், ஜூலியன் ஃபரோ 2021இல் எடுத்த ஓர் ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஜப்பானியப் பெண்கள் வாலிபால் அணி பற்றியது. அங்கிருந்துதான் மசாயே கசாய் எனக்குள் வந்தார்.

ஒசாகா பக்கத்தில் கைசுகா என்று ஓர் ஊர். அங்கே நிச்சிபோ என்ற பஞ்சாலை நிறுவனத்தின் ஆலை. அந்த ஆலையின் பெண்கள் அணிக்குக் கேப்டன் கசாய், 1933இல் பிறந்தவர். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை, மாலையில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். பயிற்சியாளர் ஹிரோபுமி தாய்மாட்சு இம்பால் சண்டையில் உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர். பத்திரிகைகள் அவரை 'பேய் தாய்மாட்சு' என்றன. பந்தை மாறி மாறி எறிவார். பாய்ந்து எடுத்து, தோளில் உருண்டு, விழுந்த வேகத்திலேயே எழுந்து அடுத்த பந்துக்கு நிற்க வேண்டும். தள்ளினால் சாய்ந்து தானாக நிமிரும் பொம்மையிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. நம்மூர் தஞ்சாவூர் பொம்மைதான்.

1961இல் ஐரோப்பா போய் ஆடிய ஆட்டம் அத்தனையும் வென்றார்கள். 'கீழ்த்திசைச் சூனியக்காரிகள்' என்று பெயர் வந்தது. 1962இல் மாஸ்கோ. அதற்கு முன் 1952, 1956, 1960 என்று மூன்று முறை தொடர்ந்து உலகச் சாம்பியனான சோவியத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார்கள். அந்த ஆலை அணி ஒரு கட்டத்தில் தொடர்ந்து 258 ஆட்டங்கள் தோற்கவில்லை.

மாஸ்கோ வெற்றியோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் பேச்சு. கசாய்க்கு 29 வயது. அன்றைய ஜப்பானில் கல்யாண வயது தாண்டியாயிற்று என்று சொல்லும் வயது. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக வாலிபால் சேர்க்கப்பட்டிருந்தது. நிறுத்தாதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. இன்னும் இரண்டு வருடம் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இதுவும் ஒரு 'பாவம்' கதைதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. ஒரு தேசம், ஓர் ஆலை, ஒரு முரட்டு ஆண். நடுவில் உருண்டு எழும் பெண்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தபோது 1964 இறுதி ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நள்ளிரவுப் பயிற்சி, பேய் தாய்மாட்சு, பாவம் எவ்வளவு அடி பட்டிருப்பார்கள் என்றெல்லாம்.

"டேய், சும்மா இரு. ஆட்டத்தப் பாக்க விடு."

பேச்சை நிறுத்தினேன். அத்தை பந்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். "அந்தா பாரு, பந்து வர்றதுக்கு முன்னாடியே அங்கிட்டுப் போய்ட்டா." மடியில் கிடந்த அவர் கைகள் லேசாக மேலே எழும்பி விரல்கள் விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் விலகி நின்றது. உருண்டு எழும் இடம் வந்தது. "இன்னொருக்கப் போடு." போட்டேன். "இன்னொருக்க."

"வலிக்காதா அத்தை?"

"வலிக்கும். அதுக்கு?" திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க கோச்சும் வைவாரு. மண்ணுத் தரை, முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கும். மறுநா சாயங்காலம் எப்படா வரும்னுதான் இருக்கும். நீ என்னமோ எங்களப் புடிச்சுக் கட்டி வச்ச மாதிரி பேசுற."

கசாயும் அவர் தோழிகளும் பின்னாளில் இதே மாதிரிதான் பேசினார்கள்: யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களாகத்தான் ஆடினோம் என்று. படத்தில் அதைக் கேட்டிருந்தும் எனக்குக் காதில் ஏறவில்லை. அத்தைக்கு நடந்த அநியாயத்தை நான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது மண் தரையில் நடக்கவில்லை. ரயிலேறாத அந்தக் காலையில், இதே வீட்டில் நடந்தது.

திருச்சிக்குப் போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தியாவில் பெண்கள் வாலிபாலுக்கு வேலை என்றால் பெரிய வாசல் ரயில்வேதான். தேசியச் சாம்பியன்ஷிப்பை அதிகம் வென்ற அணிகளில் ஒன்றும் அதுவே. அர்ஜுனா விருது வாங்கிய ஏலம்மாவையும் சாலி ஜோசப்பையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பி.வி. சிந்துவின் அம்மா விஜயா தேசிய அளவில் வாலிபால் ஆடியவர். அவரையும் சிந்துவின் அம்மா என்றுதான் நமக்குத் தெரியும். 2019இல் புரோ வாலிபால் லீக் வந்தபோது அதில் ஆண்கள் அணிகள் மட்டுமே இருந்தன.

1964 அக்டோபர் 23. முதல் இரண்டு செட் ஜப்பானுக்கு. மூன்றாவதில் 14-9. இன்னும் ஒரே பாயிண்ட். அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயிண்ட், அதனால் அந்த ஒன்று லேசில் வராது. சோவியத் ஒவ்வொன்றாக ஏறி 14-13 வரை வந்துவிட்டது. டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீத வீடுகளில் இந்த ஆட்டத்தை டிவியில் பார்த்ததாகக் கணக்கு. அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சோவியத் வீராங்கனையின் கை வலையைத் தாண்டியதாக விசில். 15-13.

"யாரு ஜெயிச்சா?" கூடத்திலிருந்து அப்பா கேட்டார். பேப்பர் எப்போது மடங்கியது என்று தெரியவில்லை.

"ஜப்பானு" என்றார் அத்தை.

"அந்தக் கேப்டன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கசாய்க்குக் கல்யாணம் ஆனது. பயிற்சியிலேயே காலம் போய்விட்டது என்று அவர் சொல்லப்போய், பிரதமர் எய்சாகு சாட்டோவே ஒரு ராணுவ அதிகாரியை அறிமுகம் செய்துவைத்தார். 1965இல் திருமணம். பிறகு ஜப்பானில் அம்மாமார்கள் ஆடும் 'மாமா-சான் வாலிபால்' பரவியபோது, ஊர் ஊராகப் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2013இல் இறந்தார். இதையெல்லாம் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் பந்தத் தொட்டாளா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா அத்தை."

அப்பா பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். திருச்சி பற்றி அவரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. இன்னும் இருக்கிறது. அத்தை கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"அந்த உருளுறது எங்கிட்டு வருது? அதப் போடு."