கட்டையில் வந்த இலை

வெட்டிய லிண்டன் மரத்தின் அடிக்கட்டையில் வரும் இலை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? மொன்றியலில், கோட்-டெ-நேஜ் பக்கமிருந்து மவுண்ட் றோயல் மலைக்கு ஏறும் பாதையோரம் அப்படியொரு கட்டை இருக்கிறது. பக்கத்தில் ஓங்கி நிற்கும் லிண்டனின் இலை என் உள்ளங்கையில் அடங்கும். கட்டையிலிருந்து கிளம்பிய துளிர்களின் இலையோ விரித்த கையையே மூடிவிடுகிறது. இனமும் மண்ணும் மழையும் ஒன்றுதான்.

விடை மண்ணுக்குள் இருக்கிறது. மரம் போனாலும் வேர் போகவில்லை. ஒரு முழு மரத்துக்குத் தண்ணீர் இறைத்த வேர், சேர்த்து வைத்த மாப்பொருளோடு, இப்போது சில துளிர்களுக்கு மட்டும் ஊட்டுகிறது. விதையில் முளைத்த கன்று பல வருடம் போராடி எட்டும் உயரத்தைக் கட்டைத் துளிர் ஓரிரு கோடையில் தாண்டிவிடும்.

அந்தத் துளிரின் மொட்டும் புதியதல்ல. மரம் இளசாக இருந்தபோதே உருவாகிப் பட்டைக்கடியில் தங்கிவிட்டது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளரூக்கிதான் அதை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. ஆனால் மொட்டு சும்மா கிடப்பதில்லை. மரம் வருடாவருடம் பருக்கும்போது, மரக்கட்டைக்குள் புதைந்து போகாமலிருக்க, மொட்டும் அதே அளவுக்கு வெளியே நகர்ந்துகொண்டே வருகிறது. நுனி வெட்டுப்பட்டதும் அது விழித்துக்கொள்வதைவிட, விழிக்கும் நாள் வராமலே போகலாம் என்ற நிலையிலும் இப்படி நகர்ந்து வருவதுதான் என்னை மலைக்க வைக்கிறது.

இந்த மலைக்கு வெட்டுப் பழகிப்போனது. ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்து 1876இல் திறந்த பூங்கா இது. 1954இல் மேயரான ஜான் டிராப்போவின் காலத்தில், காதலர் ஒதுங்குகிறார்கள், ஆட்கள் ஒளிந்து குடிக்கிறார்கள் என்று சொல்லி மலையின் அடர்ந்த பகுதியில் புதரையும் மரத்தையும் அழித்தார்கள். ‘ஒழுக்க வெட்டு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. மழை மண்ணை அரித்தது, ஊர் ‘மொட்டை மலை’ என்றது, பிறகு ஆயிரக்கணக்கில் மரம் நட வேண்டியதாயிற்று. மனிதர் ஒதுங்குவார்கள் என்பதற்காக ஒரு காட்டைத் தண்டித்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 1998 சனவரியில் நாட்கணக்காகப் பெய்த உறைமழையில், பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் கிளைகள் மறுபடி முறிந்தன. ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளாக எழுந்த மரத்தைக் கண்டால் அங்கே சற்று நிற்பேன். அனேகமாக எப்போதோ வெட்டோ முறிவோ பட்ட மரம் அது.

எல்லாத் துளிரும் நல்ல சேதி இல்லை. 2011இல் மொன்றியலில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டின் புழுக்கள் ஆஷ் மரப்பட்டைக்கடியில் உணவுப் பாதையை அரித்துவிடுகின்றன. தலை காயக் காய, நடுமரத்தில் குப்பென்று பச்சைத் துளிர் வெடிக்கும். தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் மரம் சாகிறதென்று சொல்வார்கள்.

பைன் பெரும்பாலும் கட்டையிலிருந்து துளிர்ப்பதேயில்லை. எங்கள் பனைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரேயொரு குருத்து, அது போனால் மரம் போயிற்று. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் வருடக்கணக்காகத் தூண்களாக நின்றதை மறக்க முடியாது.

பூவரசு அப்படியில்லை. மாமி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் உடுத்த துணியோடு வெளியேறியவர். 2017இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது திரும்பிப் போனார். வீடு இருந்த இடம் தெரியவில்லை, கிணறு தூர்ந்திருந்தது, ஒழுங்கையும் இல்லை. எங்கும் பற்றைக்காடு. அதற்குள் நேர்கோட்டில் ஒரு வரிசை பூவரசு. சில நெடுமரமாகியிருந்தன; புல்டோசர் மிதித்தவை அடியிலிருந்து கொத்தாக வெடித்திருந்தன. எந்தக் காட்டிலும் மரம் இப்படி வரிசையில் முளைக்காது. “உது நான் கலியாணம் செய்து வந்த வருசம் மாமா போட்ட கதியால்,” என்றார். கதியால் என்பது துளிர்க்கும்படி நடும் வேலித் தடி. தோட்டத்துக்குப் பசளையாகக் குழை தாழ்க்கவும் ஆட்டுக்குப் போடவும் வருடந்தோறும் கைக்கத்தியால் வெட்டிய வேலி. வெட்டாமல் விட்டதால் மரமாகிவிட்டது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்து, மூலையில் திரும்பி, அடி எண்ணி, குசினி இருந்த இடத்தில் போய் நின்றார். நில அளவைக்காரர் வரும்வரை பொறுத்திருக்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஆள் பிடித்து அத்தனை பூவரசையும் நெஞ்சளவு உயரத்தில் தறிப்பித்தார். அவ்வளவு பெரிய மரங்களைத் தறிக்கலாமா என்று இங்கிருந்து போனில் பதறினேன். “வெட்டாட்டி அது வேலியோ?” என்று கேட்டார். நேரான தடிகளைத் தெரிந்தெடுத்து மற்ற மூன்று பக்கமும் கதியால் போட்டார்கள். மிஞ்சிய குழையை அயல்வீட்டு ஆடுகளுக்குக் கொடுத்துவிட்டார்.