அன்று கரண்ட் போகவே இல்லை

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் எடிசனிலிருந்து ஆரம்பிக்க, இவள் எங்கள் வீட்டு மீன்தொட்டியிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு ராத்திரி கரண்ட் போனதாம், காற்று மோட்டார் நின்றதாம், காலையில் அவளுடைய மீன்களெல்லாம் செத்துக் கிடந்தனவாம். முதல் பரிசு. ஆண்டு விழா மேடையில் மைக் பிடித்து அவளே வாசித்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி, “இந்த ஈபிக்காரங்க இருக்காங்களே…” என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று கரண்ட் போகவில்லை. பெரம்பலூரில் மே மாதத்தில் அது அதிசயம்தான், ஆனாலும் போகவில்லை. அந்த மீன்களைக் கொன்றது நான். எப்படிக் கொன்றேன் என்பதையும், கொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லேப் கெமிஸ்ட். சுண்ணாம்புக்கல் சாம்பிளில் கால்சியம் கார்பனேட் எவ்வளவு என்று பார்ப்பது என் பிழைப்பு. பத்து கோடி ஆண்டுக்கு முன்னால் எங்கள் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. காரை கிராமத்து ஓடைகளில் இன்றும் அந்தக் கடலின் மிச்சம் கிடைக்கிறது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கல்லக்குடி என்றால் உங்களுக்கு 1953 போராட்டமும் தண்டவாளமும்தான் நினைவுக்கு வரும். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே சுரங்கத்தில் கிடைக்கும் பவளச் சுண்ணாம்புக்கல் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அங்கே பவளப்பாறை வளர்ந்திருக்கிறது. கடல் போன ஊருக்குக் கடலைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன்.

இரண்டடித் தொட்டி. எண்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்செல், ஒரு கிளீனர் இறால், இரண்டு ஹெர்மிட் நண்டு. எட்டு கிலோ பாறை. அந்தப் பாறையின் மேல், தேங்காய் மூடி அளவில் ஒரு மூளைப் பவளம். 1909இல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. எனக்கு நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் கடல். ஆகவே ஆர்.ஓ. கேன் தண்ணீர், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் செயற்கைக் கடலுப்பு, அடர்த்தி 1.025. மூன்று வருடம் அது நன்றாகவே ஓடியது. அந்தத் தொட்டியில் மாற்றியே ஆகவேண்டிய குறை எதுவும் இல்லை.

குறை எனக்குத்தான் இருந்தது. என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், திருச்சி வீட்டில் ஆறடித் தொட்டி வைத்து அரோவானா வளர்க்கிறார். ஒவ்வொரு முறை வரும்போதும் என் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “அழகா இருக்கு மாப்ள, டிவி பொட்டி மாதிரி” என்பார். 2018 மே மாதம் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடி, சீர்வரிசை, கெடா விருந்து. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரும்போது ஹாலில் நாலடித் தொட்டி நிற்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். இதுதான் காரணம். பெரிய தொட்டியில் தண்ணீரின் தன்மை நிலையாக இருக்கும், மீனுக்கு இடம் கிடைக்கும் என்று அப்போது நான் சொன்னதெல்லாம் உண்மைகள்தான். ஆனால் அவற்றுக்காக நான் மாற்றவில்லை.

தொட்டி குட்டியானையில் வந்து இறங்கியது சனிக்கிழமை மாலை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இருநூற்றைம்பது லிட்டர். உப்பைக் கலந்து ஒரு நாளாவது மோட்டார் ஓடவிட வேண்டும், அடர்த்தியும் வெப்பமும் பழைய தண்ணீரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். “ஏங்க, விசேஷம் முடிஞ்சு நிதானமா பண்ணுங்களேன்” என்றாள் மனைவி. உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை இடம் மாற்றியதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவரச் செய்து சோழகங்கம் ஏரியில் ஊற்றிய ராஜேந்திரன், அதை நீராலான வெற்றித்தூண் என்று செப்பேட்டில் பொறித்துவைத்தான். நான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கோடு ஆரம்பித்தேன்.

மீன்களை ஒரு வாளியில் விட்டு ஏர் பம்ப் போட்டேன். அதுவரை சரி. பாறைகளை எடுத்து டப்பில் போட்டு வராந்தாவில் வைத்தேன், தண்ணீர் ஊற்றாமல். கல்தானே என்ற எண்ணம். அது வெறும் கல் இல்லை. அதன் ஓட்டைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் தொட்டியின் சிறுநீரகம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குவது அவைதான். அவற்றோடு கண்ணுக்குத் தெரிகிறதும் தெரியாததுமாக நூறு பூச்சி புழுக்கள். கத்திரி வெயில் காலத்து ராத்திரியில் நான்கு மணி நேரம் அத்தனையும் உலர்ந்தன. உலர்ந்து செத்தது எல்லாம் நாளைக்கு அம்மோனியாவாகத் திரும்பி வரும்.

பிறகு மணல். இதைத்தான் நான் நிதானமாகச் சொல்லவேண்டும். பழைய மணலைத் தொடாமல் விட்டுப் புது மணல் போடவேண்டும், அல்லது அலசி அலசித் தெளிந்த பிறகு போடவேண்டும். புது மணல் நான் வாங்கியிருக்கவில்லை. நாலடித் தொட்டியின் அடிக்கண்ணாடி தெரிந்தால் மச்சான் என்ன சொல்வார்? பழைய தொட்டியின் அடியில் மக்கை விட்டு அள்ளினேன். மேலே வெள்ளை மணல். இரண்டு விரற்கடை ஆழத்தில் சாம்பல் நிறம். அதற்கும் கீழே கரியைப் போலக் கறுப்பு. கறுப்பு மேலே வந்ததும் வாசனை வந்தது, அழுகிய முட்டை வாசனை.

உலகத்தில் வேறு யாருக்கு அந்த வாசனை தெரியாமல் இருந்தாலும் ஒரு கெமிஸ்ட்டுக்குத் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. பி.எஸ்சி. முதலாண்டு லேபிலேயே மூக்கில் ஏறிய வாசனை. காற்றுப் புகாத அடிமணலில் மூன்று வருடம் அடைந்துகிடந்த விஷம் அது. மக் என் கையில் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் நின்றது. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். மீன்களைப் பழைய தண்ணீரிலேயே வாளியோடு இரண்டு நாள் வைத்திருக்கலாம். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, மணலை அள்ளி ஊற்றினேன்.

ஒன்பது கேன் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கையாலேயே கலக்கினேன். மேலே பழைய தண்ணீர். இரண்டு மணிக்கு மீன்களை விட்டேன். அம்மோனியா டெஸ்ட் கிட் அலமாரியில் இருந்தது. காலாவதியாகவில்லை, தீர்ந்தும் போகவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுத்தால் பச்சையாக வரும் என்று தெரியும். ஆலையில் ஒரு சாம்பிளைச் சோதிக்காமல் விட்டால் எனக்கு மெமோ வரும். இங்கே மெமோ கொடுக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் இளநீரில் பால் விட்ட மாதிரி கலங்கியிருந்தது. நீல விளக்கைப் போட்டதும் அதுவே ஒரு அழகாகத் தெரிந்தது. கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. விருந்துக்கு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். “நம்மளப் பாக்கத்தான் மேல வருது பாரு” என்றது ஒரு குழந்தை.

மச்சான் வந்தார். பட்டு வேட்டியோடு நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் மீன் வளர்ப்பவர். “என்ன மாப்ள, மீன் மேலேயே நிக்குது?” என்று மெதுவாகக் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை. அவருக்குப் பதில் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையாவது காப்பாற்றியிருப்போம். “பசி” என்றேன். சொன்னதை நிரூபிக்க டப்பாவைத் திறந்து தீனியை அள்ளிப் போட்டேன். மூச்சுக்குத் திணறும் மீன் தின்னாது. போட்டது முழுக்க அழுகி இன்னும் அம்மோனியாவாயிற்று. கடல்நீரின் பி.எச். 8.2. அந்தக் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷம் நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கையும் நான் பேப்பரில் போட்டுக் காட்டக்கூடியவன்.

இறால் அன்று மாலையே போய்விட்டது. பவளத்தின் மேல் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு கொழகொழப்பு வழிந்தது. அது பவளம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது. ராத்திரிக்குள் அந்தக் கொழகொழப்போடு சதையும் உரிந்து, மடிப்பு மடிப்பாக வெள்ளை எலும்பு தெரிந்தது. திங்கட்கிழமை விடிகாலை மீன்கள் மூன்றும் மணலில் கிடந்தன. நண்டில் ஒன்று பிழைத்து, புதன்கிழமை செத்தது.

மகள் காதில் புதுத் தோட்டோடு எழுந்து வந்தாள். கோமாளி மீன்களுக்குப் பெயர் வைத்தவள் அவள். என் வாயிலிருந்து தானாக வந்தது: “ராத்திரி கரண்ட் போச்சு பாப்பா.” மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பவளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோமாளி மீன்களை வாங்கியதைப் பொறுத்தவரை எனக்கு மனச்சாட்சி உறுத்தல் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை கைகூடி வெகுநாளாகிறது. பவளம் அப்படி இல்லை. 2001இலிருந்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் எல்லாம் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிபட்டால் மூன்றிலிருந்து ஏழு வருடம்.

தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். 1,800 ரூபாய் கொடுத்தேன், பில் கேட்கவில்லை. ஆம்னி பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டியாக வந்தது. மேலே மார்க்கர் பேனாவில் ‘கருவாடு’ என்று எழுதியிருந்தது. நேர்மையான சரக்குக்கு எவன் கருவாடு என்று எழுதுவான்?

மூளைப் பவளம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். தேங்காய் மூடி அளவுக்கு வர அதற்கு ஆன காலம் அன்றைக்கு என் மகளின் வயதைவிட அதிகம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். அதற்கு முன்னும் பின்னும் சூளைக்கும் கட்டடத்துக்குமாக முருகைக்கல் என்னும் பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகக் கடலைத் தோண்டியவர்களைப் பற்றி நான் வகையாகத் திட்டிப் பேசுவேன். அவர்கள் சோற்றுக்காக எடுத்தார்கள். நான் ஹால் அலங்காரத்துக்கு எடுத்தேன்.

போன மாதம் மகளிடம் சொன்னேன். மொட்டை மாடியில், துணி எடுக்கும் சாக்கில். மணலைப் பற்றி, வாசனையைப் பற்றி, எடுக்காத டெஸ்ட் கிட்டைப் பற்றி. அழுவாள் என்று நினைத்தேன். துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: “மாமா கேட்டப்ப தீனி போட்டீங்களே, அப்ப தெரியுமாப்பா?” தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பரிசாக வந்த கேடயத்தை ஷோகேஸிலிருந்து எடுத்து அவள் புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

நாலடித் தொட்டியை விற்றுவிட்டேன். செத்த பவளம் ஏழு வருடமாகப் பரணில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. உயிர் போனாலும் அதை வைத்திருப்பது குற்றம்தான். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க மனு எழுதியிருக்கிறேன். மனுவில் அளவு குறிப்பிடவேண்டும் என்பதால் லேப் தராசில் வைத்து எடை பார்த்தேன். 480 கிராம்.