மலிவும் மதிப்பும்

பள்ளி முடிந்து ஆசிரியர்கள் புறப்பட்ட பின், என் அறை வாயிலில் ஒரு தந்தையும் மகளும் நின்றிருந்தனர். மகள் என் பழைய மாணவி, எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவள். தந்தை செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர்.

"ஐயா, குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்கிற படிப்பாம். இதைத்தான் படிப்பேன்னு நிக்கிறா. எது நம்ம கைக்கு அடங்கும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர்.

அவள் அதை விரும்பிய காரணத்தை நான் அறிவேன். நான்காம் ஆண்டில் அவளருகே அமர்ந்திருந்த தோழி, பெற்றோர் பிரிந்தபோது பள்ளியை விட்டே போய்விட்டாள். அந்தப் பெற்றோரோடு அமர்ந்து தமிழில் பேச, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1982-இல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத தம்பதியருள் ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரினால், பொதுவாக முதலில் சமரசக் குழுவை நாட வேண்டும். ஆனால் அந்தப் படியை மிதிக்கும் முன்பே மனங்கள் முறிந்துவிடுகின்றன.

மேசைமீது இரண்டு விளக்கக் கையேடுகள். ஒன்று, வெளிநாட்டுக் கல்விக்கூடம் ஒன்றின் இணையவழிப் பட்டம். மாதத் தவணை, வீட்டிலிருந்தே படிக்கலாம். மற்றது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைத் துறைப் பட்டம். விடுதி, பயணம், நீண்ட ஆண்டுகள். தந்தையின் விரல் முதற் கையேட்டின்மீதே இருந்தது.

நான் உடனே வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் அமர்ந்த ஓர் இளைஞனிடம், "கட்டணம் குறைவுதானே, சேர்ந்துவிடு" என்று சொன்னவன் நான். நான் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது அரசாங்கமே உதவித்தொகை கொடுத்தது. பட்டத்தை விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உலகம் எனக்குப் பழக்கமில்லை. அவன் படித்து முடித்த பிறகே, அப்பட்டத்தைக் கொண்டு ஆலோசகராகப் பதிவு பெற இயலாது என்பது தெரிந்தது. இன்று அவன் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறான். என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. தீபாவளிதோறும் வந்து வணங்கிச் செல்கிறான். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அதன்பின் கற்றதை அன்று அவர்களிடம் சொன்னேன். நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் உண்டு. ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஒரு பட்டம் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருப்பது வேறு. வாரியம் அதனைப் பதிவுக்கு ஏற்பது வேறு. இரண்டையும் கேட்டறிய வேண்டும். நேரடிப் பயிற்சி உண்டா, அனுபவமுள்ள ஆலோசகர் அதை மேற்பார்வை செய்வாரா என்பதையும் வினவ வேண்டும். அமெரிக்காவில் குடும்பச் சிகிச்சையாளருக்கு உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலம். அவ்வுரிமம் அங்கேதான் செல்லும், இங்கே செல்லாது.

பிறகு தாளெடுத்துக் கணக்குப் போட்டோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. எஞ்சியதற்கு, 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடன் உண்டு. கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். ஆயினும், பயன்படாத பட்டத்துக்குக் கட்டும் சிறு தவணையைவிட, பயன்படும் பட்டத்துக்கு வாங்கும் கடன் இலேசானது.

"இடம் கிடைக்கலேன்னா, ஐயா?"

அந்தக் கேள்வி நியாயமானது. இடங்கள் குறைவு, கேட்பவர் பலர். "கிடைக்காவிட்டால் வேறு கல்விக்கூடம் தேடுவோம். ஆனால் அதன் பட்டத்தை ஏற்பதாக வாரியத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை ஒரு வெள்ளியும் கட்டாதீர்கள்" என்றேன்.

வாரியத்துக்குரிய கடிதத்தை அவளே மலாயில் எழுதினாள். படித்துப் பார்த்தேன், திருத்த ஒன்றுமில்லை. தந்தை முதற் கையேட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை அவர் எறிந்துவிடவில்லை. ஏழைக்கு எல்லாக் கதவும் வேண்டியிருக்கிறது. எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்பதை முன்னே சென்று பார்த்துச் சொல்வதாவது நம் கடமையன்றோ?