வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பயணி

ஹாஸ்டலில் பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேராக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் இருவரும் உயிர் நண்பர்கள். இரண்டாவது மாதம், ஈரத் துண்டை எங்கே காயப்போடுவது என்பதில் தொடங்கி மின்விசிறியின் வேகம் வரைக்கும் எல்லாமே பிரச்சினை. சண்டை முற்றினால் கதவைச் சாத்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடலாம். அது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது அந்த அறையைத் தூக்கித் தண்ணீரில் போடுங்கள். நன்றாக ஆட்டிவிடுங்கள். டீக்கடையை எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு கணவன், ஒரு மனைவி, கூடவே ஒரு பூனை. உலகத்தில் எத்தனையோ தம்பதிகள் வீட்டை விற்றுவிட்டுப் பாய்மரப் படகில் குடியேறி இப்படித்தான் வாழ்கிறார்கள். பொழுதுபோக்குக்காக நாலு நாள் போய்வருவது இல்லை. வருடக்கணக்கில் அதுதான் வீடு.

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீலக் கடல், வெள்ளைப் பாய், மேல்தளத்தில் வெயில் காயும் பூனை. ஆனால் பாருங்கள், படத்தில் வராத விஷயங்கள் நிறைய.

முதலில் தண்ணீர். முப்பத்தைந்து அடிப் படகு ஒன்றின் தொட்டியில் இருநூறு, முந்நூறு லிட்டர் பிடித்தாலே பெரிது. கடலைக் கடக்க மூன்று நான்கு வாரம் ஆகும் என்றால் குடிக்க, சமைக்க எல்லாமே அதற்குள்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வெயிலோ காற்றோ டீசலோ வேண்டும். பாத்திரம் கழுவக் கடல்நீர். குளிக்கவும் அதுவே, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்!

அடுத்தது தூக்கம். நடுக்கடலில் நங்கூரம் போட முடியாது. படகு இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும், எப்போதும் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். இரண்டே பேர் என்றால் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ மாற்றி மாற்றிக் காவல். ஒருவர் எழும்போது மற்றவர் படுக்கப் போவார். இருபத்துநான்கு மணி நேரமும் சில அடி தூரத்தில் இருந்துகொண்டு, நிம்மதியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரம் கிடைக்காத வாழ்க்கை.

மூன்றாவது, குரல். நங்கூரம் போடும்போது ஒருவர் முன்னால் சங்கிலியோடு நிற்பார், மற்றவர் பின்னால் சுக்கானைப் பிடித்திருப்பார். நடுவில் இன்ஜின் சத்தமும் காற்றும். "முன்னால போ" என்பது அங்கே வேறு மாதிரி கேட்கும். கத்தினால் திட்டுவது போல இருக்கும். அனுபவப்பட்டவர்கள் கத்துவதை விட்டுவிட்டுக் கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இதற்காகவே காதில் மாட்டிக்கொண்டு பேசும் கருவிகள் உண்டு. படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கல்யாணத்தைக் காப்பாற்றுபவை' :-)

இவை எல்லாம் இரண்டு பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. கோபம் வந்தால் சொல்லலாம். "இது எனக்கு ஒத்துவராது, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடு" என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லி இறங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது ஆளாக வந்த பூனையாலும் நாயாலும் அதைச் சொல்ல முடியாது.

எல்லா விலங்கும் படகுக்குச் சரிப்படாது. 1895 முதல் 1898 வரை தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம், செயின்ட் ஹெலினா தீவில் ஓர் ஆட்டை ஏற்றிக்கொண்டார். அது கட்டிய கயிறுகளை மென்றது. பிறகு அவர் போகவேண்டிய மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையே தின்றுவிட்டது! அடுத்து வந்த அசென்ஷன் தீவில் ஆட்டை இறக்கிவிட்டுத்தான் மனிதர் மூச்சுவிட்டார்.

நாய்க்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மனிதர்களைப் போலவே அதற்கும் குமட்டும், வாயில் எச்சில் ஒழுகும். வீட்டுக்குள் 'போகக்கூடாது' என்று குட்டியிலேயே பழக்கிய நாய், படகையும் வீடு என்றே நினைத்து மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும். அதற்காகச் செயற்கைப் புல்விரிப்பு ஒன்றை முன்தளத்தில் போட்டு, "இங்கே போகலாம்" என்று பொறுமையாகப் பழக்குகிறார்கள். அசுத்தமானால் கயிற்றில் கட்டிக் கடலில் அலசி எடுத்துக்கொள்ளலாம். பூனை பழகிவிடும், ஆனால் இரவில் உலாவும். தவறி விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. அதனால் கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றி வலை கட்டுகிறார்கள். பின்பக்கம் தடித்த கயிற்றையோ பழைய கம்பள விரிப்பையோ தண்ணீர் வரை தொங்கவிடுகிறார்கள், நகம் பதித்து ஏறி வருவதற்காக.

கரைக்கு வந்தாலும் தொல்லை தீராது. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடுகள் விலங்குகளைச் சுலபத்தில் உள்ளே விடுவதில்லை. பிரிட்டனுக்குள் போகும் நாயோ பூனையோ ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் இருந்தாக வேண்டும் என்பதே பல காலம் விதி. 2000ல்தான், தடுப்பூசி, உடலில் பதிக்கும் சிப், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டு அதைத் தளர்த்தினார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றும் கண்டிப்பானவை. கணவனும் மனைவியும் போக ஆசைப்படும் தீவு ஒன்றாக இருக்கும். பூனையின் காகிதங்கள் அனுமதிக்கும் தீவு வேறாக இருக்கும்.

இவ்வளவு சிரமத்துக்கு நடுவில் ஏன் கூட்டிப்போக வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, ஒரு தம்பதியின் கதையைப் பார்க்கலாம்.

மைல்ஸ் ஸ்மீட்டன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் போரிட்டவர். மனைவி பெரில், திருமணத்துக்கு முன்பே பாரசீகம், சீனா, தென் அமெரிக்கா என்று தனியாகச் சுற்றியவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிப் போவது சாதாரண விஷயமில்லை. 1939ல் இருவரும் டென்சிங் நார்கேயைக் கூட்டிக்கொண்டு இந்துகுஷ் மலையின் திரிச் மிர் சிகரத்தில் ஏறிப் பார்த்தார்கள். உச்சியை எட்டவில்லை. (பின்னாளில் எவரெஸ்ட் ஏறிய அதே டென்சிங்தான்.)

போருக்குப் பிறகு கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தீவில் பண்ணை வாங்கினார்கள். பிரிட்டனிலிருந்து பணத்தை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1951ல் அவர்களுக்கு ஒரு யோசனை: இங்கிலாந்தில் ஒரு படகை வாங்கி, அதைக் கனடாவுக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டால்? படகு ஓட்டத் தெரியாது என்பது மட்டும்தான் சிக்கல்! வாங்கினார்கள், கற்றுக்கொண்டார்கள், சிறு வயது மகளோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விற்கத்தான் மனசு வரவில்லை.

அந்தப் படகு 46 அடி நீளம். ஹாங்காங்கில் கட்டியது. பெயர் 'ட்ஸு ஹாங்'. சீன பௌத்தர்கள் கருணைத் தெய்வமான குவான் யின்னோடு சேர்த்துச் சொல்லும் பெயர். கருணைக் கலம் என்று பொருள். அதில் ஏறிய சயாமியப் பூனையின் பெயர் 'ப்வே'. பர்மிய மொழியில் ப்வே என்றால் கூத்து, திருவிழா. கருணைக் கலத்தில் ஒரு திருவிழா. பெயர்ப் பொருத்தம் பிரமாதம்!

1955ல் பண்ணையை விட்டுப் படகிலேயே கிளம்பி, பசிபிக்கைக் கடந்து ஆஸ்திரேலியா போனார்கள். 1956ல் மெல்பர்ன் ஒலிம்பிக். அது முடிந்ததும் டிசம்பர் 26 அன்று, தென் அமெரிக்காவின் கடைக்கோடியான ஹார்ன் முனையை நோக்கிப் புறப்பட்டார்கள். கூடவே ஜான் கஸ்வெல் என்ற இளைஞர். நல்ல மாலுமி, அதைவிட நல்ல தச்சர். அப்புறம் ப்வே.

1957 பிப்ரவரி 14. ஆமாம், காதலர் தினம்தான். பெரில் சுக்கானில் இருந்தார். மற்ற இருவரும் கீழே. பின்னாலிருந்து சுவர் போல எழுந்து வந்த ஓர் அலை படகைத் தூக்கி, மூக்கு கீழாகக் குட்டிக்கரணம் போட வைத்தது. பெரிலின் இடுப்புக் கயிறு அறுந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் படகு, பாய்மரங்கள் இரண்டும் இல்லாமல், பாதி மூழ்கிக் கிடந்தது. காயத்தோடு நீந்தி, உடைந்து மிதந்த மரத்தைப் பற்றிக்கொண்டார். இருவரும் அவரை இழுத்துப் போட்டார்கள்.

மேல்தள அறை பிய்ந்துபோன இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய ஓட்டை. உள்ளே தண்ணீர். வாளி வாளியாக மணிக்கணக்கில் இறைத்தார்கள், காயம்பட்ட பெரிலும் சேர்ந்துதான். கஸ்வெல் கிடைத்த மரத்தையும் பாய்த்துணியையும் வைத்து ஓட்டையை அடைத்தார், பிறகு சின்னதாக ஒரு பாய்மரம் செய்தார். ப்வே? நனைந்து போய், ஆனால் உயிரோடு இருந்தது. அந்த ஒட்டுப்போட்ட கலத்தில் நால்வரும் மார்ச் மாதம் சிலி நாட்டின் கொரோனல் துறைமுகத்தை அடைந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். முடியவில்லை. மாதக்கணக்கில் படகைப் பழுது பார்த்தார்கள். கஸ்வெல் தன் சொந்தப் படகைப் பார்க்கப் போய்விட்டார். டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் அதே ஹார்ன் முனைக்குக் கிளம்பினார்கள். பூனையையும் ஏற்றிக்கொண்டார்கள். 1957 டிசம்பர் 26, மெல்பர்னை விட்டுச் சரியாக ஒரு வருடம்... படகு மறுபடி கவிழ்ந்து உருண்டு நிமிர்ந்தது. பாய்மரங்கள் மறுபடி போயின. இந்த முறையும் மூவரும் பிழைத்து வால்பரைசோ துறைமுகம் சேர்ந்தார்கள். இதையெல்லாம் மைல்ஸ் 1959ல் புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒரு முறை போதும்'!

இப்போது அந்தக் கேள்வி. முதல் முறை போனது சரி, அந்தக் கடல் எப்படி என்று தெரியாது. இரண்டாவது முறை தெரியும். பெரில் தெரிந்தே போனார். அவர் கணவன் இழுத்த இழுப்புக்குப் போகும் மனைவி இல்லை. தனியாக உலகம் சுற்றியவர், தானே முடிவெடுப்பவர். மைல்ஸும் அப்படியே. ஆபத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் ப்வேயிடம் யார் கேட்டது?

"பூனைக்கு என்ன தெரியும்" என்று தள்ளிவிடலாம். அது சுலபமான பதில். இன்னொரு பதிலும் உண்டு: மனிதர்களோடு வளர்ந்த விலங்குக்கு இடத்தைவிட ஆள் முக்கியமாக இருக்கலாம். வருடக்கணக்கில் யாரோ ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவதும் கொடுமைதான். (பூனை வளர்ப்பவர்கள், "பூனைக்கு ஆள் முக்கியமில்லை, வீடுதான் முக்கியம்" என்று சண்டைக்கு வருவார்கள். ப்வேக்கு வீடே அந்தப் படகுதானே!)

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. படகில் வாழப்போகும் தம்பதி பேசித் தீர்க்க வேண்டியவற்றில் தண்ணீரும் தூக்கமும் சின்ன விஷயங்கள். வாயில்லாத ஓர் உயிரைத் தங்கள் ஆசைக்குள் கூட்டிவந்த பிறகு அவர்கள் அதற்குக் கடன்பட்டவர்கள். வலை கட்டுவது, கயிறு தொங்கவிடுவது, புயல் வரும் பருவம் பார்த்துப் பாதையை மாற்றுவது, "இந்தத் தீவு வேண்டாம், பூனையை விடமாட்டார்கள்" என்று ஆசைப்பட்ட இடத்தையே விட்டுக்கொடுப்பது எல்லாம் அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டி. இதைக் கட்டத் தயாராக இல்லாதவர்கள் ஆசையாக வளர்த்ததைக் கரையில் நல்ல கைகளில் ஒப்படைத்துவிட்டுப் போவது மேல்.

ஸ்மீட்டன் தம்பதி இந்தக் கடனை எப்படிக் கணக்குப் பார்த்தார்கள் என்பது அவர்கள் மனசுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பிறகு செய்தது தெரியும். 1968ல் ஒருவழியாக ஹார்ன் முனையைச் சுற்றி முடித்தார்கள், எதிர்த்திசையில், இன்னொரு மாலுமியின் துணையோடு. அப்புறம் கடலை விட்டுவிட்டுக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் காக்ரேன் என்ற ஊருக்கு அருகே நிலம் வாங்கி, 1971ல் காட்டு விலங்குகளுக்கான காப்பிடம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஸ்விஃப்ட் நரி என்று ஒரு சின்ன நரி இனம் உண்டு. கிட்டத்தட்ட வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். கனடாவின் புல்வெளிகளில் அது அடியோடு இல்லாமல் போயிருந்தது. 1978ல் அதிகாரபூர்வமாகவே அப்படி அறிவித்தார்கள். அமெரிக்காவிலிருந்து சில ஜோடிகளைக் கொண்டுவந்து இவர்கள் வளர்த்துப் பெருக்கினார்கள். 1983ல் அந்த நரிகளைப் புல்வெளியில் திரும்ப விடும் வேலை தொடங்கியது.

பெரில் அதைப் பார்க்கவில்லை. 1979ல் இறந்துவிட்டார். மைல்ஸ் 1988 வரை இருந்தார், பார்த்தார். கனடாவின் புல்வெளிகளில் இன்றும் அந்த நரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.