கைக்கு இதமான எடிட்டர்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது என் தொழில். அதை எழுதவும் திருத்தவும் 'எடிட்டர்' என்று ஒன்று வேண்டும். நம் வீட்டு அரிவாள்மனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒருத்திக்குப் பழகியது இன்னொருத்திக்குச் சரிப்படாது.

ஆபீசில் கொடுத்த எடிட்டரில் சில வருடம் ஓட்டினேன். பிறகு 2015-ல் வந்த 'விஷுவல் ஸ்டுடியோ கோட்'. பார்க்க அழகு, பழகச் சுலபம்.

பிரசவத்துக்குப் பின் வந்தது வினை. குழந்தையைத் தூக்கித் தூக்கி, கட்டை விரலடியில் மணிக்கட்டு வலி. இளம் தாய்மார்கள் பலருக்கும் வருவதுதான். மவுஸைத் தொட்டாலே சுரீரென்றது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டாக்டரோ, "கைக்குப் பட்டை போடுங்க, மவுஸைக் குறைங்க" என்றார்.

அப்போது தோழி சொன்னதுதான் 'விம்'. பாத்திரம் தேய்க்கிற பவுடர் இல்லை! நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட எடிட்டர். மவுஸே வேண்டாம். 'டி' எழுத்தை இரண்டு தரம் தட்டினால் ஒரு வரி போய்விடும். 'யு' தட்டினால் திரும்பி வரும்.

குழந்தை தூங்கும்போது தினம் அரை மணி பழகினேன். "என்னம்மா, ஆர்மோனியம் வாசிக்கிறியா?" என்பார் மாமியார். பட்டையும் ஓய்வுமாக இரண்டு மாதத்தில் வலி குறைந்தது, வேலையும் நிலைத்தது.

இது இலவசம். ஆனால் திறந்ததும், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும். மூலெனார் 2023-ல் காலமானார். அந்த வேண்டுகோள் நிற்கிறது.

சகோதரிகளே, தையல் மிஷினோ, கம்ப்யூட்டரோ, கை வலித்தால் பொறுத்துப் போகாதீர்கள். டாக்டரைப் பாருங்கள், கருவியையும் மாற்றிப் பாருங்கள்!