ஜன்னலில் தெரிந்த கடல்

அலுவலக வேலையாக வெளியூர் போய்த் திரும்பியவரிடம், "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஊரை எங்கே பார்த்தேன்? ரூம், ஆபீஸ், ஸ்டேஷன், அவ்வளவுதான்" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் பதிலாக இருக்கும். தஞ்சாவூருக்குப் போயும் பெரிய கோயில் விமானத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டு வந்தவர்கள் உண்டு. பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசிக் கையெழுத்தைப் போட்ட நிமிடமே நம் மனசு ரயிலேறி வீட்டு அடுப்படிக்குப் போய்விடும்.

நானும் அந்தக் கட்சிதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உள் தணிக்கைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை. வருடத்துக்கு நாலைந்து ஊர்களாவது போய் வருவேன். ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே எந்தக் கிளையில் எந்த ஃபைல் சரியில்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வரும்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு விசாகப்பட்டினம் கிளைக்கு நாலு நாள் தணிக்கை. பையனுக்குப் பிளஸ் டூ. பொதுத் தேர்வுக்கு இன்னும் ஆறேழு வாரம்தான். "நீ போயிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்று கணவர் சொன்னார். அப்படிச் சொன்னால் நமக்குத்தான் நம்பிக்கை வராதே! இட்லி மாவு, தக்காளித் தொக்கு, துவைத்து மடித்த யூனிஃபார்ம் என்று எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுச் சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் பிடித்தேன்.

தங்கும் அறை ஆர்.கே. பீச் அருகே அமைந்தது. ஆர்.கே. என்றால் ராமகிருஷ்ணா. கடற்கரையை ஒட்டி ராமகிருஷ்ண மடம் இருப்பதால் வந்த பெயர். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பியவள், வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல். சட்டென்று அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கும் தணிக்கை வேலைதான், மத்திய அரசில். எங்கள் சின்ன வயதில் மூன்று முறையாவது விசாகப்பட்டினம் போயிருக்கிறார். "கடல் பாத்தியாப்பா?" என்று நாங்கள் கேட்டால், "ஓ! ஜன்னல்ல தெரிஞ்சுதே" என்பார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஓய்வு பெற்றதும் அம்மாவை அழைத்துக்கொண்டு வேலை பார்த்த ஊர்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு நாலே வருடம்தான் இருந்தார். அதில் பாதி, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகப் போயிற்று.

லேப்டாப்பை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விசாகப்பட்டினத்துக் கடற்கரை ஓர் ஆச்சரியம். நமக்குக் கடல் என்றால் அகன்ற மணல்வெளி. இங்கே கிழக்குத் தொடர்ச்சி மலை கடல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது. தெற்கே டால்ஃபின்ஸ் நோஸ் என்ற குன்று, பெயருக்கேற்றபடி டால்ஃபினின் மூக்குபோலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கலங்கரை விளக்கம். அந்த மூக்கின் மறைவில்தான் 1933-ல் திறக்கப்பட்ட துறைமுகம் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டி மூன்று சிறு குன்றுகள். ஒன்றில் வெங்கடேஸ்வரர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. கப்பலில் வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் கைகூப்ப ஒரு குன்று உண்டு.

பீச் ஓரத்தில் முரி மிக்ஸர் வாங்கினேன். பொரியில் வெங்காயம், தக்காளி, மிளகாய், வேர்க்கடலை போட்டு எலுமிச்சை பிழிந்து, காகிதப் பொட்டலத்தில் தருகிறார்கள். காரம் காதில் அடித்தது. முதல் வாய் போடும்போதே ஒரு குறுகுறுப்பு. 'பிள்ளை அங்கே கணக்கோடு மல்லுக்கட்டுகிறான், நீ இங்கே பொரி தின்கிறாயா?' அந்தக் குரல் யாருடையது என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் தெரிந்த குரல்தான். போன் போட்டேன். "அம்மா, நானும் அப்பாவும் தோசை சாப்பிட்டுட்டு இருக்கோம். அப்புறமா பேசறேன்" என்று பையன் வைத்துவிட்டான். மீதிப் பொரியை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது கிளை மேலாளரிடம், கடற்கரையில் கண்ட நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிக் கேட்டேன். அவர் அதே ஊரில் பிறந்து வளர்ந்த பெண்மணி. தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "அது வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. தினமும் அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. கடற்கரையிலதானே இருக்கு, எங்கே ஓடிடப் போகுதுன்னு விட்டுட்டேன்." வெளியூர்க்காரிக்கு நேரமில்லை. உள்ளூர்க்காரிக்கு அவசரமில்லை. இரண்டு பேரும் பார்க்காத கணக்கில்தான் சேர்த்தி. "இன்னிக்கே போகலாமா?" என்றேன். கல்லூரியில் படிக்கும் மகளையும் வரச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் நல்லவேளையாக அன்று செவ்வாய்.

ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 2001-ல் ஓய்வு பெற்று, 2002-லிருந்து இந்தக் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே நுழைந்தால் நம் வீட்டு ஸ்டோர் ரூமை ரயில் பெட்டிபோல நீட்டியது மாதிரி இருக்கிறது. அறைக்கு அறை வட்டமான சிறு கதவு. குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் போக வேண்டும். புடவை கட்டிப் போகிறவர்கள் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் குழாய்கள், வால்வுகள், கடிகார முகங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இதற்குள் வெயிலே படாமல் நாட்கணக்கில் இருந்திருக்கிறார்கள். 22 டார்பிடோக்களைச் சுமக்கக்கூடிய கப்பல். அவற்றின் பக்கத்திலேயே வீரர்களின் படுக்கை. படுக்கை என்பதைவிடப் பலகை என்பதுதான் சரி.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான் சுற்றிக் காட்டினார். 1971 போரில் இந்த ஊருக்கு எதிரே கடலில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியதையும், அந்தப் போரின் நினைவாக எதிரிலேயே வெற்றிச் சின்னம் இருப்பதையும் சொன்னார். சமையலறை என்று ஒன்றைக் காட்டினார். நான் நின்றால் இன்னொருவர் நிற்க முடியாது. "இவ்வளவு பேருக்கு இதிலேயா சமைப்பாங்க?" என்று மேலாளரும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். இரண்டு குடும்பத் தலைவிகள் போர்க்கப்பலுக்குள் போனால் வேறெதைக் கேட்பார்கள்? அவர் மகள் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் மேலாளர் கப்பலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வராம இருந்தா நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் இதை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பேன்."

புதன்கிழமை விடியற்காலையில் சிம்மாசலம். ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மலைப்பாதையில் பலாவும் அன்னாசியும் செழித்துக் கிடக்கின்றன. இங்குள்ள வராக நரசிம்மரை வருடம் முழுவதும் சந்தனக் காப்பிட்டு மூடியே வைத்திருக்கிறார்கள். அட்சய திருதியை அன்று ஒரு நாள்தான் சந்தனம் களைந்த நிஜரூப தரிசனம். மற்ற நாட்களில் சந்தனத் திரளாகத்தான் காட்சி தருகிறார். உக்கிர மூர்த்தியைக் குளிர்விக்கத்தான் இந்தச் சந்தனம் என்பது நம்பிக்கை. நமக்குச் சொந்தமான செய்தியும் ஒன்று உண்டு. இந்தக் கோயிலில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து 1098-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப்பட்டினம் என்றொரு பெயர் இருந்திருக்கிறது. தரிசனம் முடித்து, வழியில் பெசரட்டும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்த ஃபைல்கள் எண்ணிக்கையில் வழக்கத்தைவிட அதிகம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சாயங்காலம் கைலாசகிரி. ரோப் காரில் ஏறினால் காலுக்குக் கீழே மரங்கள், மறுபக்கம் கடல். மேலே வெள்ளை வெளேரென்று பிரம்மாண்டமான சிவன் பார்வதி சிலை. 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் அடித்தபோது மலையெல்லாம் மொட்டையாகிவிட்டதாம். திரும்பத் துளிர்த்து நிற்கிறது. இருட்ட இருட்டக் கரையோரம் முழுக்க விளக்குகள் வளைந்து வளைந்து எரிந்தன. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

எழுபத்தாறு வயது அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்பா ஜன்னல்ல பாத்த கடலம்மா இது" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று. அம்மா சிரிக்கவில்லை. "அவருக்கா ஆசை இல்லாம இருந்தது? வெளியூர் போனா தினப்படின்னு காசு குடுப்பாங்க. அதுல ஒரு வேளை சாப்பாட்டை மிச்சம் பிடிச்சு, ஆட்டோ ஏறாம நடந்து, அப்படியே கொண்டுவந்து எங்கிட்ட குடுப்பார். உங்க மூணு பேர் ஸ்கூல் பீஸும் அதுலதான் கட்டினேன். கடலைப் பாக்கப் போனா பஸ் காசு ஆகுமே, அதான் போகலை" என்றார்.

இத்தனை வருடமாக நாங்கள் சிரித்த வேடிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. தணிக்கைக்காரரின் மகள், தானும் தணிக்கைக்காரி, கண்ணில் படாத கணக்கு. கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை. அம்மாவே பேசினார். "அவரால முடியலை. உன்னால முடியுது. நல்லா சுத்திப் பாரு. ராத்திரி சீக்கிரம் ரூமுக்குப் போயிடு." போனை வைத்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அவர் பங்குக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் அறிக்கையில் கையெழுத்தாகிவிட்டது. ரயில் இரவில்தான். பீமுனிப்பட்டினம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கும் தொட்லகொண்டாவுக்கு ஆட்டோ பேசினேன். தெலுங்கிலும் தொட்டி என்றால் தொட்டிதான். கொண்டா என்றால் குன்று. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதால் இந்தப் பெயர். 1976-ல் கடற்படையினர் வானிலிருந்து இந்தப் பகுதியை அளந்தபோது வெளிச்சத்துக்கு வந்த இடம். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய புத்த மடாலயம். வட்டமான ஸ்தூபி அடித்தளம், துறவிகள் தங்கிய சிறு சிறு அறைகள், குன்றுக்குக் கீழே நீலக் கடல். அகழாய்வில் சாதவாகனர் காசுகளோடு ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கடல் தாண்டி வணிகத்துக்கு வந்த யாரோ ஒருவர், சரக்கை இறக்கிவிட்டு, கப்பல் கிளம்பும் வரைக்கும் இந்தக் குன்றேறிக் கொஞ்ச நேரம் காற்று வாங்கியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கு வந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பது நேற்று இன்று வந்த வழக்கமில்லை போலிருக்கிறது.

நாலு நாளில் கூடுதலாக ஒரு நாள்கூட லீவு போடவில்லை. செலவானது என் கைக்காசு, ஆயிரத்துச் சொச்சம். போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல ஆசை. கிளம்பும் முன்பே உள்ளூர் அலுவலகத்துப் பெண்கள் யாரிடமாவது பேசி, எந்த இடம், எந்த நேரம், எந்த வண்டி என்று கேட்டு வையுங்கள். எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். இந்தக் கடலில் இழுப்பு அதிகம், காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாலைக்கு ஓர் இடம் போதும். பட்டியலை முடிக்க ஓடினால் அதுவும் ஆபீஸ் வேலை மாதிரிதான் ஆகிவிடும்.

திரும்பும்போது கோதுமைப் பாலில் நெய் சொட்டச் செய்யும் மாடுகுல அல்வா வாங்கி வந்தேன். வீடு அப்படியே இருந்தது. அடுப்பு மேடை மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பு. பையன் ஒரு மாடல் தேர்வில் நான் இருந்தபோது வாங்கியதைவிட நாலு மார்க் கூட வாங்கியிருந்தான். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா அல்வாவை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அடுத்த ஆடிட் எந்த ஊருக்கு? சீனியர் சிட்டிசனைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல ரூல் ஒண்ணும் இல்லையே?"

மே மாதம் மங்களூரு. அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்துவிட்டது.